இடுப்பில் தட்டிய முஷ்டி

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த நூற்பு மில்லுக்குள் பேச்சு எடுபடாது. நூல் நூற்கிற ரிங் பிரேம்கள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆளின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். எல்லாவற்றுக்கும் கைதான். இரண்டு கைகளையும் சேர்த்துச் சட்டென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது. ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டால் மிஷின் நன்றாக ஓடுகிறது. மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். முஷ்டியை மடக்கி இடுப்புக்குப் பின்னால் இரண்டு தடவை தட்டினால் கல் வந்துவிட்டது, கொஞ்ச நேரம் என் பக்கத்தையும் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

கல் என்றால் சிறுநீரில் வருகிற கல். எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு அது வீட்டுக்கு ஒருத்தருக்காவது வரும். அதை நாங்கள் வியாதி என்று எண்ணியதில்லை. நெருஞ்சி முள்ளைக் கொதிக்க வைத்துக் குடிப்போம், வாழைத்தண்டைச் சாறெடுத்துக் குடிப்போம், ஒரு நாள் துடித்துவிட்டு மறுநாள் ஷிப்டுக்கு வந்துவிடுவோம். வெளியே விழுந்த கல்லைக் கழுவிக் காலித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தவர்கள் உண்டு. டீ நேரத்தில் பெட்டியைத் திறந்து காட்டி, "என்னது மிளகு, உன்னது வெறும் கடுகுதானலே" என்று சண்டை போடுவார்கள். என் பெட்டியில் ஏழு கற்கள் இருந்தன.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடுகிற இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சம். வாய் திறக்காமல் நாள் முழுக்க வேலை பார்க்கலாம் என்பதாலேயே அந்த மில் எனக்குப் பிடித்திருந்தது. அறுந்த இழையை ஒட்டுகிற சைடர் வேலை. என் மனைவியும் கலியாணத்துக்கு முன்னால் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். அவளுக்குப் பேச்சும் வரும், கையும் வரும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், என் முப்பத்தைந்து வயது வாக்கில், கீழ்த்தாடையில் முன்பற்களுக்கு அடியில் ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. அதனால் நானும் கவனிக்கவில்லை. எதிர் மிஷினில் நின்ற கூட்டாளிதான் முதலில் பார்த்தான்.

"ஏலே, வாயில என்னத்த அதக்கி வச்சிருக்க? கடலமிட்டாயா? எனக்கும் ஒண்ணு தாயேன்."

நான் வாயைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு பற்கள் ஆட ஆரம்பித்தபோது மனைவி என்னை ஊரிலேயே ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதான அம்மா அவர். ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் போனோம். அவர் சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுத்து, ஈரம் காயும் முன்பே ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "நான் இதுல கை வைக்க மாட்டேன். மதுரைக்குப் போங்க, இந்த வாரமே போங்க" என்றார். எங்களிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பல்லைப் பிடுங்கி அனுப்பியிருந்தால் நான் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பேன், விஷயம் முற்றியிருக்கும். தெரியாத இடத்தில் கையை நிறுத்துவதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய எக்ஸ்ரே எடுத்தார்கள். குழிப் பணியாரச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தது போல என் தாடை குழி குழியாக இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள்ளிருந்து துளிச் சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தாடை அறுவை சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, "கேன்சர் இல்ல. ராட்சத செல் கட்டின்னு சொல்லுவோம். உள்ள இருக்கறத சுரண்டி எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். நல்ல மனிதர். பேசும்போது நம் தோளில் ஒரு கை வைத்திருப்பார்.

சுரண்டி எடுத்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடியும் வீங்கியது. இந்த முறை கன்னம் வரைக்கும் போனது.

பெரிய டாக்டர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனாவால் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோடு வரை தாடை எலும்பை வெட்டி எடுக்க வேண்டும். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைத்துத் தகடு பொருத்த வேண்டும். கீழ் வரிசையில் எட்டுப் பற்கள் போய்விடும். பல மாதம் கஞ்சிதான். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், உதடு மரத்துப்போகலாம்.

மனைவி கேட்டாள்: "வேற வழியே கெடையாதா சார்?"

"சுரண்டிப் பாத்தாச்சேம்மா. திரும்ப வந்திருச்சு. விட்டா இன்னும் பரவும்."

கோவில்பட்டிக்குத் திரும்பி வந்த ரயிலில் ஜன்னல் கம்பியில் தாடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மீசையைத் தவிர வேறு அழகு கிடையாது. ஆனால் அழகைப் பற்றி நினைக்கவில்லை. சத்தத்துக்குள் என் உதட்டைப் பார்த்துத்தான் கூட்டாளிகளுக்குப் பாதி புரியும். உதடு கோணிப்போனால் மில்லுக்குள்ளும் நான் ஊமையாகிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் சேரச் சொன்னார்கள். பதினேழாம் நம்பர் கட்டில். பயிற்சி டாக்டர் ஒருவர் கேஸ் சீட்டு எழுத வந்தார். மேற்படிப்புப் படிக்க வந்திருந்த சின்ன வயது அம்மா, ஒல்லியாக, கண்ணாடி போட்டு. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, ஆஸ்துமா உண்டா, முன்னால் வேறு ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். வேறு ஏதாவது வியாதி உண்டா என்றும் கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. என் மனதில் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை, பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வார்டுக்குள் வரும் நேரம். அப்போது கூட இருப்பவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மனைவி வாசல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூட்டம் என் கட்டிலுக்கு வந்தது, எக்ஸ்ரேயைப் பார்த்தது, என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து இடது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. தெரிந்த வலி. வேர்த்து ஊற்றியது.

பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள் நிற்கிற இடத்தில் வலிக்கிறது என்று வாய் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. தாடைக்குச் சம்பந்தமில்லாத வலியைச் சொல்லி அவர்கள் நேரத்தைக் கெடுப்பானேன் என்றும் தோன்றியது. வாசலைப் பார்த்தேன். மனைவியும் என்னைப் பார்த்தாள். முஷ்டியை மடக்கி இடுப்புக்குப் பின்னால் இரண்டு தடவை தட்டினேன். அவள் கட்டை விரலை வாயருகே கொண்டுபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். நான் ஐந்து விரலையும் விரித்தேன். நிறைய.

பயிற்சி டாக்டரம்மா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். எல்லோரும் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். மெதுவாக என்னிடம் வந்தார்.

"என்ன அது, கையால என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படி வேர்க்குது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொருவராக இருந்தால் போய்விட்டிருப்பார். இந்த அம்மா நேராக வாசலுக்கு நடந்தார். அங்கே நடந்த பேச்சை மனைவி பல வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அதனால் நானே கேட்டது போல இருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"கல்லு வந்துட்டுங்காவ. தண்ணி கேக்காவ."

"என்ன கல்லு?"

"ஒண்ணுக்குல வாரதும்மா. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் வாரதுதான். தண்ணி அப்படி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க, சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும்."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ வந்திருக்கு?"

"இவியளுக்கா? எண்ணிப் பாத்ததில்ல. வீட்ல ஒரு தீப்பெட்டியில ஏழு கல்லு கெடக்கு."

"தீப்பெட்டியிலயா?"

"ஆமாம்மா. தூரப் போட மாட்டேங்காவ."

அந்த அம்மா சிரிக்கவில்லையாம். "கால் வலி, கை வலி உண்டா? சும்மாவே அசதியா இருப்பாரா? ராத்திரி அடிக்கடி எந்திரிச்சு தண்ணி குடிப்பாரா?" என்று அடுக்கடுக்காகக் கேட்டாராம். மனைவி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, "மில்லு வேல பாத்தா அப்படித்தானம்மா இருக்கும்" என்றாளாம்.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஊசியும் கண்ணாடிக் குப்பியும் இருந்தன. முதலில் வலிக்கு ஊசி போட்டார். பிறகு ரத்தம் எடுத்தார். "இதுல கால்சியம் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் நாள் விடிந்தது. முடிதிருத்துகிறவர் வந்து தாடையையும் இடுப்பையும் மழித்தார். மீசையும் போயிற்று. பச்சை அங்கியை மாட்டிச் சக்கரக் கட்டிலில் ஏற்றி, ஆபரேஷன் அறை வாசலில் நிறுத்தினார்கள். மனைவி பக்கத்தில் நடந்து வந்தவள், மீசை இல்லாத முகத்தைப் பார்த்து, "யாரோ வேத்து ஆளு கூட நிக்க மாதிரி இருக்கு" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

அந்த வாசலில் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. நடையில் யாரோ ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பயிற்சி டாக்டரம்மா. கையில் ஒரு துண்டுச் சீட்டு. என்னைப் பார்க்காமலே தாண்டி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் வெளியே வந்தார். தலையில் துணித் தொப்பி, கழுவிய கையில் தண்ணீர் சொட்டுகிறது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சீட்டை மறுபடியும் படித்தார்.

"ஒங்களுக்கு இன்னிக்கு ஆபரேஷன் கெடையாது. வார்டுக்குப் போங்க" என்றார்.

அன்று மத்தியானம் எல்லா மாணவர்களையும் என் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு அவர் பேசினார். எனக்கும் புரியட்டும் என்று தமிழில்தான் பேசினார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன, பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அதில் ஒன்று கட்டியாகி அடங்காமல் போனால், எலும்பிலிருக்கிற கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் மிஞ்சியது சிறுநீரில் கல்லாக இறங்கும். உருவப்பட்ட எலும்பு குழி விழும். குழியில் இதே ராட்சத செல்கள் வந்து உட்காரும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தாடையில் தானாக வருகிற கட்டிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். என் ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மேல் இருந்தது.

பிறகு சொன்னார்: "திருட்டுப் போனது தாடையில. திருடன் இருக்கறது கழுத்துல. நாம திருட்டுக் கொடுத்த வீட்டை இடிக்கக் கெளம்பிட்டோம். சுரண்டுனது திரும்ப வந்தப்பவே நான் ரத்தம் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னோடது." பயிற்சி டாக்டரம்மாவைக் காட்டி, "கேள்விக்கு இல்லன்னு பதில் வந்த பிறகும் இவங்க கேட்டாங்க" என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். கூச்சப்படுகிற ஆளை எனக்கு அடையாளம் தெரியும்.

அவ்வளவு பெரியவர், அத்தனை மாணவர்களுக்கு நடுவில், மில் தொழிலாளியின் கட்டிலருகே நின்று தப்பு என்னுடையது என்று சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. சொல்லாமல் விட்டது நான்தான். அதை அவர் ஒரு வார்த்தையாகக்கூட என் மேல் போடவில்லை.

அந்தச் சுரப்பிதானா என்று உறுதிப்படுத்த இன்னும் கொஞ்சம் ரத்தத்தை ஐஸில் வைத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அதற்குள் மனைவி ஊருக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தாள். பெரிய டாக்டர் அதைத் திறந்து மாணவர்களிடம் கைமாற்றினார். ஒரு பையன் கல் ஒன்றைக் கீழே தவறவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினான். "பாத்துய்யா, ஒண்ணு கொறைஞ்சாலும் இவிய வருத்தப்படுவாவ" என்றாள் மனைவி. வார்டே சிரித்தது.

ஒரு நாள் பயிற்சி டாக்டரம்மா என்னைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். "உங்க செல்ல நீங்களே பாருங்க" என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தெரிந்தது. ரோஸ் நிறத்தில் ஒழுங்கில்லாத வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கருப்புக் கருப்பாக நிறையப் புள்ளிகள்.

"இதுதான் ராட்சசனாம்மா?"

"இதேதான். ஏன்?"

"எள்ளு ஒட்டுன அதிரசம் மாதிரில்லா இருக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கும் மில்லுக்கும் வெளியே ஒருவரை நான் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை.

வெளியூரிலிருந்து வந்த முடிவும் அந்தச் சுரப்பிதான் என்றது. கழுத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம் கீழே ஒரு கட்டி இருந்தது, புளியங்கொட்டை அளவு. வேறொரு டாக்டர் அதை எடுத்தார். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கண் விழித்ததும், "ஏதாவது பேசுங்க, குரல் வருதான்னு பாக்கணும்" என்றார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தலைமாட்டில் மனைவி, "சாதாரணமாவே பேச மாட்டாவ சார், நீங்க அவசரப்பட்டு பயந்துராதீங்க" என்று டாக்டருக்குச் சமாதானம் சொன்னாள். கடைசியில் "பதினேழு" என்றேன். கட்டில் நம்பர். அதைத்தான் அங்கே தினமும் கேட்டார்கள். குரல் வந்தது.

மறுநாள் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருந்தது. இந்த முறை நான் மறைக்கவில்லை. டாக்டரம்மா வந்ததும் நானாகவே சொன்னேன். அவர் என் காதுக்கு முன்னால் விரலால் லேசாகத் தட்டினார். வாயோரம் தானாகத் துடித்தது. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, ரத்தத்துல கால்சியம் எறங்கியிருக்கு" என்று உடனே நரம்பில் கால்சியம் ஏற்றினார். "உங்க எலும்புக்கு இப்ப பசி. இத்தன வருஷம் பறிகொடுத்தத திரும்ப வாங்கிச் சாப்பிடுது. நாம போட்டுக்கிட்டே இருக்கணும்." மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டேன்.

தாடையில் யாரும் கத்தி வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுக்கப் போனேன். பணியாரச் சட்டியின் குழிகள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுத்து, சிறுத்துக்கொண்டே வந்தன. ஆடிய பற்களில் ஒன்று விழுந்தது, மற்றொன்று இறுகிக்கொண்டது. எலும்பு தன்னை இப்படி இட்டு நிரப்பிக்கொள்ளும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கூட்டாளி என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிட்டாய முழுங்கிட்டியால?" என்று கையால் கேட்டான். மீசை அதற்கு முன்பே வளர்ந்துவிட்டிருந்தது.

கடைசி எக்ஸ்ரேக்குப் போனபோது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று வெளிநோயாளிகள் கூடத்தில் சரியான கூட்டம். குழந்தைகள் அழுதன, நம்பர் கூப்பிடுகிறவர் கத்தினார், மின்விசிறி வேறு கடகடத்தது. டாக்டரம்மா அந்தக் கோடியில் ஒரு மேஜைக்குப் பின்னால், நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். படிப்பு முடிகிறது, அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போகிறார் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கிட்டத்தில் போக வழியில்லை. எக்ஸ்ரே உறையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அவர் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முஷ்டியை மடக்கித் தன் இடுப்புக்குப் பின்னால் இரண்டு தடவை தட்டினார். புருவத்தை உயர்த்தினார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கல்கூட வரவில்லை. இந்த அம்மாவிடம் தலையாட்டி மட்டும் நிறுத்தக் கூடாது என்று அப்போதே தோன்றியது. கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன்.

அவருக்கு அந்தச் சைகையை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு, தானும் விரலைத் தூக்கி ஒரு வட்டம் போட்டார். பிறகு அடுத்த நோயாளியின் வாயைத் திறக்கச் சொன்னார்.